ஒரே பெயர், இரண்டு சிப்
பழைய கணினிக்கு மறுவாழ்வு – 11

திரை ஒரு நொடி கறுத்துப் போய்த் திரும்பி வரும். டிஸ்பிளே டிரைவர் நின்றுவிட்டது, மீண்டும் இயங்குகிறது என்று மூலையில் ஒரு அறிவிப்பு தோன்றும். வேறு சில கணினிகளில் விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் எழுத்துகள் ஊதிப் பெரிதாகி, வீடியோ திக்கித் திணறும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்றிருக்கும். அல்லது பெயர் சரியாக இருந்து, அதன்மேல் மஞ்சள் முக்கோணமும் ‘கோட் 43’ என்ற பிழை எண்ணும் நிற்கும்.

இவற்றில் எதைப் பார்த்தாலும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். இருப்பதிலேயே புதிய டிரைவரைத் தேடி இறக்குகிறார்கள். பழைய கார்டுக்கு அது சரிப்பட்டு வராது. தயாரித்த நிறுவனம் அந்தக் கார்டுக்கென்று கடைசியாக வெளியிட்ட டிரைவர் எதுவோ அதுதான் அதற்கு வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இந்த வாரப் பாடம்.

அதற்கும் முன்னால், கோளாறு டிரைவரில்தானா என்று பார்த்துவிட வேண்டும். கணினியை அணைத்து மறுபடி போடுங்கள். பயாஸ் திரைக்குள் போங்கள். அந்த நேரத்தில் விண்டோஸும் வந்திருக்காது, டிரைவரும் வந்திருக்காது. அங்கேயே கோடுகளும் நிறப்புள்ளிகளும் கட்டங்களும் தெரிந்தால் எத்தனை டிரைவர் மாற்றியும் பயனில்லை. கோளாறு கார்டில், கேபிளில் அல்லது மானிட்டரில். கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பார்ப்பது எளிது. பிறகு கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் அமரும் தங்க நிற விளிம்பை அழிரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்த மெக்கானிக்கும் முதலில் செய்வது இதைத்தான். ஃபேன் சுற்றுகிறதா, ஹீட்சிங்க்கில் தூசி அடைத்திருக்கிறதா, கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எஸ்.எம்.பி.எஸ். பழசாகி மின்சாரத்தை ஏற்ற இறக்கமாகக் கொடுத்தாலும் திரை கறுக்கும்.

பயாஸ் திரை சுத்தமாக இருந்துவிட்டால் கார்டு நல்லது என்று உடனே முடிவு கட்டவும் கூடாது. அந்த எளிய திரையைக் காட்ட சிப்பின் சிறு பகுதி போதும். பேசிக் அடாப்டரில் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடும் கணினி, சரியான டிரைவரைப் போட்டு முழு சிப்பும் வேலை செய்யத் தொடங்கியதும் தொங்கிப் போனால், சிப்பையும் சந்தேகப்பட வேண்டும். 2007, 2008 கால லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடந்தது. சில லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங் பொருள் பலவீனமாக இருப்பதாக 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாவதும் ஆறுவதுமாக இருந்ததில் சிப்புக்கு அடியிலுள்ள நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. இப்படிப்பட்ட சிப்பைச் சூடுகாட்டி உயிர்ப்பித்துத் தருவதாகச் சொல்வார்கள். சில வாரங்கள் ஓடவும் செய்யும். பிறகு பழைய நிலைதான். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

‘நின்றுவிட்டது, மீண்டும் இயங்குகிறது’ அறிவிப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கொடுத்த வேலைக்கு கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால், விண்டோஸ் டிரைவரை மட்டும் நிறுத்தி மறுபடி தொடங்கும். எக்ஸ்பி காலத்தில் இதே நிலையில் கணினியே உறைந்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் இந்த 2 நொடியை 8, 10 என்று கூட்டிவைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். அதனால் அறிவிப்பு குறையலாம், கார்டு ஏன் பதில் தரவில்லை என்பது அப்படியே இருக்கும். சூடு, மின்சாரம், பொருந்தாத டிரைவர் என்ற வரிசையில் காரணத்தைத் தேடுவதுதான் முறை.

பொருந்தாத டிரைவர் எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு விஸ்டாவே சாட்சி. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் 2008இல் மைக்ரோசாஃப்ட்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 சதவீதத்துக்கு என்விடியா டிரைவர்கள் காரணம் என்று அவற்றில் இருந்தது. விஸ்டாவோடு டிரைவர் எழுதும் முறையே மாறியிருந்தது. புது முறைக்கு டிரைவர்கள் பக்குவப்படும் முன்பே மக்கள் கைக்குக் கணினிகள் போய்விட்டன.

இனி கடைசி டிரைவரைத் தேடும் வேலை. இதில் பலரும் வழுக்கி விழும் இடம் கார்டின் பெயர். என்விடியாவின் ஜிடி 730 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் வந்தது, விலை குறைவு என்பதால் நம் ஊர் அசெம்பிள் கணினிகளில் ஏராளமாகப் போய்ச் சேர்ந்தது. அட்டைப்பெட்டியில் ஒரே பெயர், உள்ளே இரண்டு வேறு சிப்கள். ஒன்று ஃபெர்மி தலைமுறையைச் சேர்ந்தது, 96 கோர். இன்னொன்று கெப்ளர், 384 கோர். ஃபெர்மிக்கு வழக்கமான டிரைவர் வெளியீட்டை என்விடியா 2018 ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டது, 391.35 தான் அதற்குரியது. கெப்ளருக்கு 470 வரிசை, 2024 செப்டம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. பக்கத்து வீட்டு ஜிடி 730இல் அழகாக ஏறிய டிரைவர் உங்கள் ஜிடி 730இல் ‘பொருத்தமான வன்பொருள் இல்லை’ என்று திரும்பிப் போவதற்கு இதுதான் காரணம். வாங்குபவர் உள்ளே இருப்பதை அறிய வழியில்லாமல் இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் சூட்டி விற்றது நியாயமில்லை. அதன் பாரத்தை இத்தனை ஆண்டு கழித்து, கணினியைப் பழுது பார்க்க உட்காருகிறவர் சுமக்கிறார்.

ஆகவே பெயரை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின்மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ் என்று போனால் இரண்டு எண்கள் கிடைக்கும். டிரைவரே இல்லாதபோதும் இவை தெரியும். முதல் எண் நிறுவனத்துடையது: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏ.எம்.டி., 8086 என்றால் இன்டெல். அடுத்தது சிப்புடையது. ஜிடி 730இல் அது 0எஃப்02 என்றிருந்தால் ஃபெர்மி, 1287 என்றிருந்தால் கெப்ளர். இந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னும் பழைய ஜிஃபோர்ஸ் 210 வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸில் 342.01, 2016 டிசம்பரில் வந்தது. ரேடியான் எச்டி 5000, 6000 கார்டுகளை ஏ.எம்.டி. 2015 நவம்பரில் பழைய பட்டியலுக்குத் தள்ளியது. முழுச் சோதனை முடிந்து வந்த கடைசி வெளியீடு கேட்டலிஸ்ட் 15.7.1. 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் என்விடியாவில் 390 வரிசைக்கு மேல் தேடவே வேண்டாம். லேப்டாப் என்றால் சிப் நிறுவனத்தின் டிரைவரைவிட லேப்டாப் நிறுவனம் அந்த மாடலுக்குத் தந்ததை முதலில் போடுங்கள்.

டிரைவர் கையில் வந்ததும் உடனே போட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இது முக்கியம்: பழைய டிரைவரை நீக்கிய அடுத்த நிமிடமே விண்டோஸ் அப்டேட் தன் விருப்பத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். சேஃப் மோடில் நுழைந்து, ‘டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ என்ற இலவசக் கருவியால் முன்பிருந்த டிரைவர்களின் மிச்சம் மீதியைத் துடைத்தெடுங்கள். பிறகு சாதாரணமாகத் தொடங்கி, கடைசி டிரைவரைப் போடுங்கள். கூடவே வரும் துணை நிரல்கள் வேண்டாம். கஸ்டம் என்பதைத் தேர்ந்து, டிரைவரை மட்டும் வையுங்கள். எல்லாம் சரியான பிறகே நெட் இணைப்பு. புரோ பதிப்பில், அப்டேட்டோடு டிரைவர் வராமல் தடுக்க குரூப் பாலிசியில் வழி உண்டு.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், பலர் பழைய கணினியில் லினக்ஸ் போடுகிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போதே திரை கறுத்தால், தொடக்கப் பட்டியலில் ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் முடிவில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துத் தொடருங்கள். திரை வந்துவிடும். டிரைவர் அமைந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். ஏ.எம்.டி. 2007 முதல் தன் சிப்களின் ஆவணங்களை வெளியிட்டது. 2002இல் வந்த ரேடியான் 9700க்குக்கூட லினக்ஸில் இன்றும் திறமூல டிரைவர் உண்டு. என்விடியா அப்படித் தராததால், கார்டு எந்தக் கட்டளைக்கு எப்படி நடக்கிறது என்று கவனித்துக் கவனித்தே ஆர்வலர்கள் நூவோ என்ற டிரைவரை எழுதினார்கள். 2010இல் அது லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. அதில் பழைய கார்டு முழு வேகத்தை எட்டாது. விளையாட்டுகளுக்கு ஆகாது என்றாலும் படிக்க, எழுத, கணக்குப் பார்க்கப் போதும். அவர்கள் செய்த வேலையால்தான், நிறுவனம் கைவிட்ட எத்தனையோ கார்டுகள் இன்னும் திரை காட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு வேலை பாக்கி. வெற்றிகரமாக ஏறிய டிரைவர் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மேலே குறித்த இரண்டு எண்களையும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நிறுவனத்தின் தளத்தில் பழைய கோப்புகள் என்றைக்கும் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. அடுத்த வாரம், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டுவோம்.

(தொடரும்)