தரைப்பலகைக்குக் கீழே

ஆலப்புழைக் கிளையில் நான் பணியாற்றிய நாள்களில், ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் கடன் விண்ணப்பத்துடன் வந்தார். தம் பணிக்கொடையின் பெரும்பகுதியைக் கொடுத்துப் பழைய கெட்டுவள்ளம் ஒன்றை வாங்கியிருந்தார். அதில் மூன்று படுக்கையறைகள் அமைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம். மதிப்பீட்டில் குளிர்சாதனம், தேக்குக் கட்டில், சுவர் அலங்காரம் என இரண்டு பக்கங்கள். படகின் உடலுக்கு ஒரே வரி: ‘சில்லறைப் பழுது’.

மலையாளத்தில் ‘கெட்டு’ என்றால் கட்டு, ‘வள்ளம்’ என்றால் படகு. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்து சென்ற சரக்குப் படகு இது. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அயினிப் பலகைகளை ஆணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் பிணைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் கரிய எண்ணெயைப் பூசுவது மரபு. சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்த இப்படகுகளுக்கு 1990களில் சுற்றுலா மறுவாழ்வு அளித்தது.

கள ஆய்வுக்கு மூத்த ஆசாரி ஒருவரை அழைத்துச் சென்றோம். அறைகளின் வரைபடத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. தரைப்பலகைகள் நான்கைப் பெயர்த்து, அடியில் தேங்கிய நீரை இறைக்கச் சொன்னார். பிறகு, குறுக்குச் சட்டம் பக்கப்பலகையைத் தொடும் இடத்தில் உளியின் முனையை அழுத்தினார். பலாச்சுளைக்குள் இறங்குவதுபோல் அது இறங்கியது. உப்புநீரைவிட மழைநீரே மரத்துக்குப் பகை என்றார். கூரை வழியே ஒழுகிய நீர், காற்றோட்டமில்லாத அடித்தளத்தில் தங்கி மரத்தை உளுக்கச் செய்திருந்தது.

அந்த மதிப்பீட்டுக்குக் கடன் தர இயலாது என்று அவரிடம் சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. வாங்குமுன் கேட்டிருந்தால், தரையைப் பெயர்த்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரங்களில் புதிய மதிப்பீட்டுடன் வந்தார். மூன்று அறைகள் இரண்டாகியிருந்தன. மிச்சத் தொகை பலகை மாற்றவும் கயிறு புதுப்பிக்கவும் ஒதுக்கப்பட்டிருந்தது. உள்வேலைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள கடல்தரப் பிளைவுட். அதன் வெட்டுவிளிம்புகளில் நீர் புகாதபடி பூச்சு. அலமாரிக் கதவுகளில் காற்றுப் புக இடைவெளி. தண்ணீர்த் தொட்டியும் மின்கலங்களும் படகின் நடுவே, தாழ்வாக. ஒவ்வோர் அறையிலும் எளிதில் பெயர்த்தெடுக்கத்தக்க தரைப்பலகை ஒன்று.

ஒன்றை மட்டும் நாங்கள் திருத்தினோம். சமையல் எரிவாயு உருளையை அடுப்புக்குக் கீழே வைத்திருந்தார்கள். அவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், பிறகு ஒரு பொறி போதும். உருளை மேல்தளத்தின் திறந்தவெளிக்குச் சென்றது.

கடனைத் தவணைகளாக விடுவித்தோம். உடல்வேலைக்குச் சான்று கிடைக்கும்வரை அறைகளுக்கு ஒரு ரூபாயும் தரவில்லை. அந்தத் தாமதத்தில் ஒரு பருவத்தின் வருமானம் போயிற்று என்று அவருக்கு என்மேல் வருத்தம் இருந்தது.

மாற்றலாகுமுன் இறுதி ஆய்வுக்குச் சென்றேன். அறைகளைக் காட்டுவதற்கு முன்பே, அவர் குனிந்து தரைப்பலகை ஒன்றைத் தூக்கி, உள்ளே டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். அடித்தளம் உலர்ந்திருந்தது.