தன்னைத் தானே தூக்கி வெச்ச ஊர்

இந்த எபிசோடுக்கு ஆரம்பம் ஒரு பழைய கருப்பு வெள்ளை போட்டோ. வரிசையா வீடுகள், எல்லாமே கட்டைகள் மேல அந்தரத்துல நிக்குது. கீழே சேறு. வீட்டுக்கு வீடு போக உயரமா ஒரு பலகைப் பாதை. ஏதோ வெள்ளம் வந்த ஊர்னு நினைச்சேன். இல்லை. அந்தச் சேற்றை ஊர்க்காரங்களே காசு கொடுத்துக் கொட்ட வெச்சிருக்காங்க.

ஊர் பேர் கால்வெஸ்டன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துல, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டின ஒடுக்கமான மணல் தீவு. 1865 ஜூன் 19-ல் டெக்சாஸ் அடிமைகள் எல்லாருக்கும் விடுதலைன்னு ராணுவ ஆணை வெளியானது இங்கேதான். இப்போ ஜூன்டீன்த்னு அமெரிக்கா முழுக்க விடுமுறை விடுறாங்களே, அந்த நாள்.

ஊருக்குச் சோறு போட்டது துறைமுகம். டெக்சாஸ் பருத்தி கப்பல் ஏறினது இங்கே இருந்துதான். ஸ்ட்ராண்ட்ங்கிற தெருவுல வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அப்படி நெருக்கியடிச்சு நின்னதால, அதுக்கு ‘தென்மேற்கின் வால் ஸ்ட்ரீட்’னு பேர். 1900-ல் மக்கள்தொகை சுமார் 38,000. இவ்வளவு பணம் புழங்கின ஊர்ல மிக உயரமான இடம், கடல் மட்டத்துல இருந்து 9 அடிகூட இல்லை.

பயப்படக் காரணம் இருந்தது. அதே கரையில இந்தியானோலான்னு இன்னொரு துறைமுகம். 1875, 1886 ரெண்டு சூறாவளியில அது அழிஞ்சே போச்சு. அதைப் பார்த்துட்டு, நமக்கும் ஒரு கடல் சுவர் வேணும்னு கால்வெஸ்டன்ல சிலர் கேட்டாங்க. 1891-ல் உள்ளூர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் பத்திரிகையில எழுதினார், சூறாவளி இந்த ஊரைப் பெருசா பாதிக்கும்னு பயப்படுறதே அபத்தம்னு. சுவர் வரலை. முழுப் பழியையும் அவர் தலையில போடுறது எனக்குச் சரியாப் படலை. செலவு பண்ண மனசில்லாதவங்களுக்கு ஒரு நிபுணரோட வார்த்தை வசதியா கிடைச்சது, அவ்வளவுதான்.

1900 செப்டம்பர். கியூபாவின் வானிலை ஆய்வாளர்கள், புயல் மேற்கே டெக்சாஸ் பக்கம் போகும்னு கணிச்சாங்க. அமெரிக்க வானிலைத் துறைக்கு அவங்க மேல இளக்காரம். கியூபாவில் இருந்து வர்ற புயல் தந்திகளையே தடுத்து வெச்சிருந்தது. புயல் ப்ளோரிடா பக்கம் திரும்பிடும்னு நம்பினாங்க. செப்டம்பர் 8, சனிக்கிழமை, கடல் 15 அடிக்கு மேல எழுந்து வந்தது. 9 அடி ஊருக்கு 15 அடி கடல். கணக்கு அவ்வளவு எளிமையானது.

செத்தவங்க குறைஞ்சது 6,000 பேர். கிளைனோட கர்ப்பிணி மனைவியும் அதுல ஒருத்தர். இயற்கைச் சீற்றத்துல அமெரிக்கா இழந்த உயிர்கள்ல இன்னிக்கும் இதுதான் அதிகபட்சம்.

அடுத்து நடந்ததைச் சொல்லாம தாண்டிப் போக முடியலை. புதைக்க வழியில்லாம உடல்களைப் படகுல ஏத்திக் கடல்ல விட்டாங்க. அலை திருப்பிக் கொண்டுவந்தது. அப்புறம் எரிச்சாங்க, வாரக்கணக்கா. உடல்களைப் படகுல ஏத்த, கறுப்பின ஆண்களைத் துப்பாக்கி முனையில இழுத்துட்டு வந்தாங்க. விடுதலை ஆணை வெளியான அதே ஊர், 35 வருஷம் கழிச்சு.

இப்போ போட்டோவுக்கு வர்றேன். ஊரைக் காலி பண்ணலாமான்னு பேச்சு இல்லாம இல்லை. ஆனா மூணு இன்ஜினியர்களைக் கூப்பிட்டாங்க. அதுல ஒருத்தர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். கூட்டம் எப்படி நடத்தணும், தீர்மானம் எப்படிக் கொண்டுவரணும்னு ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ்’ புத்தகம் எழுதினவர் இவரேதான். அவங்க சொன்னது ரெண்டு வேலை: 17 அடி உயரத்துல கடல் சுவர், அதுக்குப் பின்னாடி ஊரோட தரையையே உயர்த்துறது.

சுவர் 1904-க்குள்ள முடிஞ்சது, மூணு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். தரைதான் பெரும்பாடு. ஊருக்குள்ளயே கால்வாய் வெட்டி, அது வழியா தூர்வாரும் கப்பல்களைக் கொண்டுவந்து, கடலடி மணலைத் தண்ணியோட கலந்து குழாய்ல பீய்ச்சினாங்க. தண்ணி வடியும், மணல் தங்கும். அதுக்கு முன்னாடி கட்டடங்களைத் தூக்கணுமே? கார் டயர் மாத்த வைக்கிற ஜாக்கி மாதிரி, திருகுற ஜாக்கிகளை அடியில வரிசையா வெச்சு, எல்லாரும் ஒரே நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா திருகணும். 2,000 கட்டடங்களுக்கு மேல இப்படி ஏறியது. செயின்ட் பேட்ரிக் தேவாலயம் 3,000 டன். 700 ஜாக்கி வெச்சு 5 அடி தூக்கினாங்க.

மணல் கொட்டுற செலவு அரசாங்கப் பத்திரக் கடன்ல போச்சு. வீட்டைத் தூக்குற செலவு வீட்டுக்காரர் தலையில. ஏற்கெனவே எல்லாம் இழந்தவங்க! வருஷக்கணக்கா பலகை மேல நடந்து, நாத்தத்தைச் சகிச்சு வாழ்ந்தாங்க. உப்பு மணல்ல மரமெல்லாம் செத்தது. ஊர்ப் பெண்கள் சங்கம் அமைச்சு, அரளிச் செடியில இருந்து ஆரம்பிச்சுத் திரும்ப நட்டாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆளுங்க அவங்கதான்.

தரை வேலை முடிய 1911 ஆகிடுச்சு. 1915-ல் அதே மாதிரி பலமான சூறாவளி. சுவருக்குப் பின்னாடி இருந்த ஊர்ல செத்தவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்.

ஆனா துறைமுகம்? 1901-ல் டெக்சாஸ்ல எண்ணெய் பொங்கியது. 1914-ல் உள்நாட்டுல இருக்குற ஹூஸ்டன் வரைக்கும் கப்பல் கால்வாயை ஆழப்படுத்தித் திறந்தாங்க. பெரிய வியாபாரம் அங்கே நகர்ந்தது. உயிரைக் காப்பாத்தின ஊர் பழைய இடத்தைப் பிடிக்கவே இல்லை.

ஆஷ்டன் வில்லான்னு 1859-ல் கட்டின ஒரு மாளிகை அங்கே இன்னும் இருக்கு. அதோட இரும்பு வேலி பார்க்கக் குட்டையா, வீட்டுக்குப் பொருந்தாத மாதிரி இருக்கும். மீதி வேலி மண்ணுக்குள்ள இருக்கு.