கரண்ட் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் வரவில்லை

மின்தடை நீங்கி விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. கம்ப்யூட்டர் மட்டும் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் உயிர் பெறவில்லை. 'போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடலாம்' என்று பல வீடுகளில் அன்றைக்கே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் முதல் அடியைத் தாங்குவது எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்பெட்டி. அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். குடும்பப் புகைப்படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

முதலில் அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ். வழியாக இணைத்திருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் கொடுங்கள். பேட்டரி வலுவிழந்த யு.பி.எஸ். பல வீடுகளில் கம்ப்யூட்டர்மீது பழியைப் போட்டுவிடுகிறது. பின்பக்கச் சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு மின்வயரை முழுதாகக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொண்ட எஸ்.எம்.பி.எஸ். சில நேரம் இதிலேயே விடுபடும். லேப்டாப்புக்கும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதையே செய்யலாம். ஃபேன் சுற்றியும் திரை இருட்டாக இருந்தால் மானிட்டர் வயரையும் ராம் பொருந்தியிருப்பதையும் பார்க்க வேண்டும்.

கருகிய வாடை வந்தாலோ, 'டப்' என்ற சத்தம் கேட்டாலோ, ஆன் செய்ததும் எம்.சி.பி. விழுந்தாலோ அத்துடன் நிறுத்திவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். உயிரைப் பறிக்க அது போதும்.

இத்தனை சேதம் எப்படி வருகிறது? நம் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டால் சில வீடுகளில் அது 400 வோல்ட்டை நெருங்கும். பல்புகள் கண்கூசும்படி எரியும், வேறு சில வீடுகளில் மங்கும். அப்படித் தெரிந்ததும் மெயின் சுவிட்சை அணையுங்கள். சாதாரண மின்தடையிலும் கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்சாரம் திரும்பிச் சில நிமிடம் நிலைத்த பிறகு போடுவது நல்லது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். எர்த் இல்லாத இடத்தில் 'ஸ்பைக் கார்டு' என்று எழுதிய பெட்டி முழுப் பாதுகாப்பைத் தராது.

கடைக்குக் கொடுக்கும்போது பலரும் ஏமாறுவது தகவல் விஷயத்தில்தான். கோளாறு மின்பகுதியில் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். வாரன்டி இருந்தால் கழற்றும் முன் நிறுவனத்திடம் கேளுங்கள். சீரியல் எண் எழுதிய ஜாப் ஷீட், செலவு மதிப்பீடு, கழற்றிய பழைய பாகம், ரசீது நான்கையும் கேட்டு வாங்குங்கள். மதர்போர்டு மாற்றினால், டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டியிருக்கும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். அது இல்லாமல் பூட்டிய டிஸ்க்கைத் திறக்க முடியாது.

தெருவின் மின்னழுத்தக் கோளாறுதான் காரணம் என்றால் நஷ்டத்தை நீங்களே சுமக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் அன்றைக்கே புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளில் டிவி, ஃபிரிட்ஜ் பழுதாகியிருந்தால் அவர்களையும் புகார் செய்யச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் பல வீடுகளில் நடந்தது என்பதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. பழுதின் காரணத்தை மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். மின்னழுத்தம் சீராகாவிட்டால் மின்வாரியத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தையும், அங்கே தீராவிட்டால் மின்சாரக் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம்.

இழப்பீட்டுக்கும், வாரன்டி மறுப்புக்கும், கடைக்காரரின் மோசமான பழுதுபார்ப்புக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆணையத்தில் வழக்கறிஞர் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கோ சேவைக்கோ கட்டணமும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.