ஒரு நூல், பல வாயில்கள்

நூலகத்தில் ஒரு நூல் இருந்தும், தேடி வந்தவர் கைக்கு அது எட்டவில்லையென்றால் அந்நூல் இல்லாததற்குச் சமம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என்போன்ற கிராமத்து மாணவர்க்கு, எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்பதே பெரும் தயக்கம். நூல்களை வகுத்து வைத்துள்ள முறைதான் அவர்களுக்கு வழிகாட்டி.

இத்துறையில் உலகப்புகழ் பெற்றவர், சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துவந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அமெரிக்கரான டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை, அறிவைப் பத்துப் பெரும் பிரிவுகளாக முன்கூட்டியே அடுக்கியது. ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையோ, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பின் இணைத்துக் காட்டியது. இடமும் காலமும் அம்முகங்களுள் அடங்கும்.

எங்கள் ஜெயமங்கலம் பகுதியில் 1980களில் நடந்த வெற்றிலைச் சாகுபடியையும் அதன் நோய்த் தடுப்பையும் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். அலமாரியில் அதற்கு இடம் ஒன்றே. வேளாண்மைப் பகுதியில் நிற்கும். ஆனால் பட்டியலில் வெற்றிலை, பயிர்நோய், ஜெயமங்கலம் எனப் பல சீட்டுகள் எழுதலாம். வரலாற்று மாணவர் ஊர்ப்பெயரால் வருவார். தாவரவியல் மாணவர் நோயைத் தேடி வருவார். இருவரும் ஒரே நூலை அடைவர். பகுப்பு நூலுக்கு வீடு என்றால், தலைப்புச் சீட்டுகள் அவ்வீட்டின் வாயில்கள் எனலாம்.

வாயில்களைக் கண்டபடி திறப்பதும் தகாது. வெற்றிலைத் தோட்டத்தை எங்கள் பக்கம் கொடிக்கால் என்போம். ஒரு நூலுக்கு வெற்றிலை என்றும், மற்றொன்றுக்குக் கொடிக்கால் என்றும் தலைப்பிட்டால் உறவான நூல்கள் பிரிந்துவிடும். ஒரு சொல்லையே தலைப்பாகக் கொண்டு, மற்றதன்கீழ் ‘வெற்றிலை காண்க’ என்று குறிப்பதே நெறி. அவ்வாறே, 1980களில் அச்சான நூலில் ஜெயமங்கலம் மதுரை மாவட்டத்து ஊர். தேனி தனி மாவட்டமானது 1990களின் பிற்பகுதியில். இன்று தேனி என்று தேடுபவரை அப்பழைய நூலிடம் அழைத்துச் செல்லவும் ஒரு சீட்டு வேண்டும்.

வாசகர் தமக்குரிய நூலைப் பெறவேண்டும், நூலும் தனக்குரிய வாசகரை அடையவேண்டும் என்பன 1931இல் ரங்கநாதன் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டு. சீட்டுப் பெட்டியின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்ட இந்நாளிலும், நூலுக்குப் பொருத்தமான பெயரிடும் பொறுப்பு நம்முடையதே. ஆகவே நண்பர்களே, துறை நூலகப் பட்டியலுக்கோ நம் குறிப்பேடுகளுக்கோ தலைப்பிடும்போது, பாடநூற் சொல்லோடு, நாளை தேடி வரும் ஊர்ப்பிள்ளை அறிந்த சொல்லையும் எழுதி வைப்போம்.