எட்டுப் பேர் வகுப்பில் உங்கள் தவறு யார் கண்ணில் படும்?

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பினால்தான் பிரிக்ஃபீல்ட்சில் ஒன்பது மணி வகுப்புக்குப் பதற்றமில்லாமல் போய்ச் சேரலாம். கிள்ளான் வரை கார், அங்கே நிறுத்த இடம் தேடிவிட்டு கொமுட்டர், கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடை. என் நண்பரின் மகள் பத்து வாரம் இப்படித்தான் போய் வந்தார். இங்குள்ள தொழிற்பேட்டையில் பொறியியலாளராக வேலை. சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது ஆசை. அதற்கு ஜிமேட் தேர்வு எழுத வேண்டும். ஆங்கிலப் பகுதியைச் சமாளித்துக்கொள்ளலாம், கணிதத்துக்கு மட்டும் வகுப்புப் போகலாம் என்று முடிவு செய்தார். "சிறு குழு, எட்டே பேர்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, சேமிப்பிலிருந்து எடுத்துப் பணம் கட்டினார்.

பத்து வாரம் முடிந்து மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தபோது, கணித மதிப்பெண் ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்றது.

இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் நண்பர் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்க கொஞ்சம் பாருங்க, பிள்ளை மனசு ஒடஞ்சி போயிருக்கா" என்றார். மகளும் கூடவே வந்து இரண்டு தடித்த நோட்டுப் புத்தகங்களை மேசையில் வைத்தார். திறந்தால் முக்கோணம், வட்டம், நாற்கரம், கன அளவு. எல்லாம் அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு.

"ஏம்மா, நீ எழுதப்போற பரீட்சையில வடிவியலே இல்லையே?"

"தெரியும் அங்கிள். கேட்டேன். அடிப்படை பலமா இருக்கணும்னு சொன்னாங்க."

அடிப்படையெல்லாம் இல்லை. அந்த நிலையம் பழைய பாடக் குறிப்புகளை மாற்றவில்லை, அவ்வளவுதான். ஜிமேட் தேர்வின் புதிய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து அது மட்டுமே நடக்கிறது. கணிதப் பகுதியிலிருந்து வடிவியல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அதில் 21 கேள்விகள், 45 நிமிடம், கணிப்பான் கிடையாது. 'கொடுத்த தகவல் விடை காணப் போதுமா, போதாதா' என்று கேட்கும் வகைக் கேள்விகள் முன்பு கணிதப் பகுதியில் இருந்தன. இன்று அவை தரவுகளை ஆராயும் தனிப் பகுதிக்குப் போய்விட்டன. அந்தப் பகுதியில் 20 கேள்விகள், அதற்கும் 45 நிமிடம், திரையிலேயே கணிப்பான் உண்டு. கணிதம், மொழி, தரவு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் சமமான எடை. மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. யாராவது இன்னமும் "எண்ணூற்றுக்கு எவ்வளவு" என்று பேசினால், அவர் எந்த ஆண்டில் நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜி.ஆர்.இ. வேறு கதை. அதுவும் 2023 செப்டம்பரில் சுருக்கப்பட்டது. முழுத் தேர்வும் இப்போது இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. கணிதம் இரண்டு பிரிவாக வரும்: முதலில் 21 நிமிடத்தில் 12 கேள்விகள், பிறகு 26 நிமிடத்தில் 15 கேள்விகள். முதல் பிரிவை எப்படிச் செய்கிறீர்களோ அதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ அமையும். இதில் வடிவியல் உண்டு, கணிப்பானும் உண்டு. ஆகவே "ஜிமேட், ஜி.ஆர்.இ. இரண்டுக்கும் ஒரே கணித வகுப்பு" என்று யாராவது சொன்னால், எந்த வாரத்தில் எந்தக் கூட்டம் எழுந்து வெளியே போகலாம் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பாதி நேரத்துக்கு நீங்கள் வேறு ஒருவருடைய பாடத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

வகுப்பைத் தேடுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் படிப்புக்கு இந்தத் தேர்வு உண்மையிலேயே தேவையா? கோவிட் காலத்துக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் ஜி.ஆர்.இ. கட்டாயத்தைத் தளர்த்தின. வணிகப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டில் எதையும் ஏற்கின்றன. பட்டியலில் உள்ள மூன்று நான்கு இடங்களின் சேர்க்கை விதியைப் படித்தால் ஒரு மாலை நேரத்தில் தீர்ந்துபோகும் வேலை இது.

தேவை என்று உறுதியானால், முதல் செலவு பூஜ்யம் ரிங்கிட்டாக இருக்கட்டும். இரண்டு தேர்வுகளையும் நடத்துபவர்களே தலா இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். ஒன்றை வீட்டில், கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கடிகாரத்தோடு எழுதுங்கள். மதிப்பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். தவறான ஒவ்வொரு கேள்வியையும் மூன்று கூடையில் ஏதோ ஒன்றில் போட வேண்டும். கணிதமே தெரியவில்லை, இது முதல் கூடை. கேள்வியைத் தவறாகப் படித்தேன், இரண்டாவது. தெரியும், நேரம் போதவில்லை, மூன்றாவது.

நண்பர் மகளை என் முன்னாலேயே இதைச் செய்யச் சொன்னேன். 21 கேள்விகளில் ஒன்பது தவறு. கணிதம் தெரியாமல் விட்டவை இரண்டு. நேரம் போதாமல் குத்துமதிப்பாகத் தட்டியவை மூன்று. மீதி நான்கும் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவை. பத்து வாரம் அவருக்கு நடந்த பாடம் முழுவதும் முதல் கூடைக்கு.

இந்த இரண்டாவது கூடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் கனமாகத்தான் இருக்கும். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் வந்தது. அது கைவிடப்படும் என்று 2009இல் அறிவித்தார்கள். 2016இல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் 'விழுக்காடு', இடைநிலைப்பள்ளியில் 'பெராத்துஸ்', பல்கலைக்கழகத்தில் 'பெர்சென்ட்' என்று ஒரே கருத்தை மூன்று பெயரில் படித்தவர்கள் இவர்கள். கணக்கு தெரியும். ஆனால் 'அட் லீஸ்ட்', 'நாட் மோர் தென்', 'கன்செக்யூட்டிவ்', 'டிஸ்டிங்ட்' என்ற சொற்கள் கணக்கைத் திருப்பிப் போடும்போது, இரண்டு நிமிட அவசரத்தில் கண் வழுக்கிவிடுகிறது.

ஒரு சின்ன உதாரணம். '5 லெஸ் தென் எக்ஸ்' என்று ஆங்கிலத்தில் வருகிறது. கண்ணில் படும் வரிசையில் எழுதினால் 5 - எக்ஸ். சரியானது எக்ஸ் - 5. மலாயில் சொன்னாலும் வரிசை இதேதான், அதே குழி. தமிழில் 'எக்ஸைவிட 5 குறைவு' என்று சொல்லிப் பாருங்கள். எக்ஸ் முதலில், 5 பிறகு, குறைவு கடைசியில். எழுத வேண்டிய வரிசையிலேயே நம் வாக்கியம் நடக்கிறது. இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். நான்கில் இரண்டு தவறு இந்த ஒரே இடத்தில் நடந்திருந்தது. எட்டே பேர் இருந்த வகுப்பில் பத்து வாரமாக யாருக்கும் இது கண்ணில் படவில்லை.

சிறு குழு வகுப்பின் அருமையே இதில்தான் இருக்க வேண்டும். எட்டுப் பேரை உட்காரவைத்து எண்பது பேருக்கு நடத்துவதுபோல் பலகையில் எழுதிக்கொண்டே போனால், அந்த எட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. அதனால்தான் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள் என்கிறேன். மறுத்தால் வேறு இடம் பாருங்கள். உட்கார்ந்தால் ஆசிரியரின் திறமையை அளக்க வேண்டாம், அது எல்லாருக்கும் இருக்கும். ஒரு மாணவர் தவறான விடை சொன்னதும் என்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

ஓர் எண்ணை 6ஆல் வகுத்தால் மீதி 4 வருகிறது, அதே எண்ணை 3ஆல் வகுத்தால் மீதி என்ன என்ற கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் '2' என்கிறார். ஓர் ஆசிரியர் "இல்லை, 1" என்று சொல்லிவிட்டுப் பலகையில் சூத்திரம் எழுதுவார். இன்னொருவர் "எப்படி 2 வந்தது, சொல்லுங்க" என்று கேட்பார். 6இல் பாதி 3, ஆகவே 4இல் பாதி 2 என்று அந்த மாணவர் நினைத்தது அப்போதுதான் வெளியே வரும். பிறகு 4, 10, 16 என்று மூன்று எண்களைப் போட்டுப் பார்க்கச் சொல்வார். மூன்றிலும் மீதி 1. சூத்திரம் தேவையே இல்லை, அரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது ஆசிரியர் கிடைத்தால் நாற்காலி உடைந்திருந்தாலும் சேரலாம்.

குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஜி.ஆர்.இ. கணிதத்தில் முக்கோணவியலும் நுண்கணிதமும் கிடையாது. பாடம் ஏறக்குறைய இடைநிலைப்பள்ளி அளவுதான். ஆனால் எஸ்.பி.எம்.மோடு கணிதத்தை விட்டுப் பத்து ஆண்டான ஒருவரும், பொறியியல் படித்து நேற்று வெளிவந்த ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இருவருக்குமே நஷ்டம். முதலில் ஒரு தேர்வு வைத்து அதன்படி குழு பிரிக்கும் இடம் நல்ல இடம். வருபவரையெல்லாம் அடுத்த சனிக்கிழமை குழுவில் சேர்க்கும் இடத்தில் எட்டு என்பது நாற்காலிக் கணக்கு.

இனி வாக்குறுதிகள். "இத்தனை புள்ளி உயரும், இல்லையென்றால் பணம் வாபஸ்." இதன் நிபந்தனையைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். எல்லா வகுப்புக்கும் வந்திருக்க வேண்டும், எல்லா வீட்டுப்பாடமும் செய்திருக்க வேண்டும் என்று இருக்கும். சில இடங்களில் பணம் வாபஸ் என்றால் அதே வகுப்பில் மறுபடி உட்காரலாம் என்று அர்த்தம். பயிற்சி வகுப்பு வியாபாரம் பழையது. ஸ்டான்லி கப்லான் நியூயார்க்கின் புரூக்ளினில் பெற்றோர் வீட்டு நிலவறையில் 1938இல் தொடங்கிய டியூஷன்தான் பின்னாளில் உலக நிறுவனமாக வளர்ந்தது. ஆனால் பலன் எவ்வளவு? அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இளநிலைப் படிப்புக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் பயிற்சி வகுப்பால் கிடைக்கும் சராசரி உயர்வு 1600க்குச் சுமார் 30 புள்ளிகள்தான் என்று அது சொன்னது. அது வேறு தேர்வு, வேறு வயது. இருந்தாலும் 'நூறு புள்ளி உறுதி' என்ற பதாகையைப் பார்க்கும்போது இந்த முப்பது நினைவில் இருக்கட்டும்.

ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள். சொன்னபடி வகுப்பு நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு வழக்கறிஞர் இல்லாமலே மனு செய்யலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். எழுத்தில் எதுவும் இல்லாதவர் அங்கே போய் என்ன காட்டுவார்?

நம் வட்டாரத்துக்காரர்கள் தூரத்தையும் கட்டணத்தில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பத்து வாரம், வாரம் நான்கு மணி நேரம் என்றால் வகுப்பு 40 மணி. போக வர ஐந்து மணி என்றால் பயணம் 50 மணி. படித்ததைவிட ரயிலில் உட்கார்ந்தது அதிகம். வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு வருபவருக்கு அந்த 50 மணியில் பாதியைப் பயிற்சிக்கு ஒதுக்கினாலே வித்தியாசம் தெரியும். நல்ல ஆசிரியர் கிள்ளானிலேயே கிடைத்தால் அங்கே போகலாம். இல்லையென்றால் இணைய வழி வகுப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம். கேமராவை மூடி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அது உதவாது. தலைப்பு வாரியாகக் கணிதத்தைப் புதுப்பித்துக்கொள்ள ஜி.ஆர்.இ. நடத்துபவர்களின் இலவசக் கணிதக் கையேடு ஒன்று உள்ளது. கான் அகாடமியின் காணொளிகளும் இலவசம். முதல் கூடையில் இருப்பதற்கு இவையே போதும். பணம் கொடுத்து வாங்க வேண்டியது இரண்டாவது, மூன்றாவது கூடைக்கான கண்களை.

நண்பர் மகள் கட்டிய பணம் திரும்பவில்லை, அதைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லை. அவர் வேலையிடத்திலும் பந்திங்கிலும் விசாரித்து, அதே தேர்வை எழுதப்போகும் நான்கு பேரைத் தேடிப் பிடித்தார். ஐந்து பேரும் சேர்ந்து ஓர் ஆசிரியரைப் பேசினார்கள். செவ்வாயும் வியாழனும் இரவு ஒன்பது மணிக்கு இணையத்தில் வகுப்பு. ஞாயிறு இரவுக்குள் ஒவ்வொருவரும் அந்த வாரத் தவறுகளை, எந்தக் கூடை என்று குறித்து, ஆசிரியருக்கு அனுப்பிவிட வேண்டும். செவ்வாய் வகுப்பு அதிலிருந்துதான் தொடங்கும்.

போன வாரம் இரண்டாவது மாதிரித் தேர்வை எழுதியிருக்கிறார். தவறாகப் படித்தவை நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கின்றன. நேரம் இன்னும் சரிப்படவில்லை, கடைசி மூன்று கேள்விகளில் இப்போதும் ஓடுகிறார். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இப்போதும் எழுந்துவிடுகிறார். கிள்ளானுக்கு ஓடுவதில்லை. 45 நிமிடத்துக்குக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுகிறார். அதுவரை தேநீர்கூடக் கொண்டு வரக் கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு.