பத்திரத்தில் ஒரு வரி

மதுரை மாநகரம் பரந்து தன்னுள் சேர்த்துக்கொண்ட பழைய கிராமங்களுள் ஒன்றாகிய பழங்காநத்தத்தில், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒன்றரை சென்ட் மனை வாங்கி வீடு கட்டி, தள்ளாமை வந்ததும் அதை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கும் பெற்றோருக்கு, பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டும் வாசகங்களுள் எது முக்கியம் என்று எடுத்துச் சொல்வார் அரியர். 'அன்பினாலும் பிரியத்தினாலும்' என்று தொடங்கி 'ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை' என்று முடியும் அந்தப் பத்திரத்தில், 'என் ஆயுள்பரியந்தம் என்னைப் போஷித்து வரவேண்டியது' என்ற ஒரு வரி இருந்துவிட்டால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவர்களுக்குத் துணை நிற்கிறது. மகன் கைவிட்டால், ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரம் செல்லாதென்று அறிவிக்கக் கோரலாம்.

அந்த நிபந்தனை இருந்ததென்று நிரூபிக்கவேண்டும் என்று 2022-இல் வலியுறுத்திய உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் முதியோர் பக்கமே தாராளமாகப் பொருள் கொள்ளவேண்டும் என்றது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், பிரியத்தினால் கொடுத்தது என்பதிலேயே நிபந்தனை அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆயினும் நீதிபதிகளின் தயையை நம்புவதினும் அந்த வரியை எழுதிவைத்துக்கொள்வதே விவேகம் என்பேன். அதற்காகவே, கையெழுத்திடுமுன் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பத்திர நகலைக் காட்டி ஆலோசனை கேட்பது நலம். அங்கே கட்டணம் கிடையாது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பும் கிடையாது. நேரில் செல்ல இயலாதவர் சட்ட உதவி எண்ணாகிய 15100-க்கோ, முதியோர் உதவி எண்ணாகிய 14567-க்கோ பேசலாம்.

தீர்ப்பாயத்தில் வக்கீல் ஆஜராகலாகாது என்று 17-ஆம் பிரிவு கூறுவதால், முதியவர் தாமே நின்று பேசவேண்டிவரலாம். எனவே மனுவைத் தேதிவாரியாகத் தெளிவாக எழுதித் தர ஆள் கிடைப்பதே இலவச சட்ட உதவியின் பெரும்பயன். அதே தீர்ப்பாயத்தில் போடும் மாதாந்திர ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டதிலிருந்து 90 நாளில் முடிக்கவேண்டும். விசேஷ காரணமிருந்தால் 30 நாள் கூடும். தமிழ்நாட்டில் ஜீவனாம்சத்தின் உச்ச வரம்பு மாதம் ரூ.10,000. உத்தரவில் திருப்தியில்லாத பெற்றோர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மகன் பணம் கட்டாமற்போனால், 'அடுத்த மாதம் தருவான்' என்று பொறுத்துக் காத்திருப்பது பெற்ற மனத்தின் சுபாவம். சட்டமோ, ஒவ்வொரு மாதத் தொகையையும் அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வசூல் மனு போட்டுக் கேட்டால்தான் வாரண்டு பிறப்பிக்கும்.