ஒற்றை நடைவழி விமானமும் நெடுந்தூர உல்லாசப் பிரயாணிகளும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் ரம்புக்கனை ஒரு வாசற்படி போன்றது. சமவெளி அங்கே முடிகிறது. மலையேற்றம் அங்கே தொடங்குகிறது. இரட்டைத் தண்டவாளம் அந்த நிலையத்தோடு நின்றுவிட, ஒற்றைத் தண்டவாளம் கடுகண்ணாவையை நோக்கி ஏறத்தாழ 44 அடிக்கு ஓரடி என்ற கணக்கில் உயர்ந்து செல்கிறது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், பாரமான வண்டிகளை மேலேற்றுவதற்கு ரம்புக்கனையில் மற்றுமோர் எஞ்சின் பூட்டப்படுவது வழக்கம். வண்டி நீண்டால் பிரயாணிகளுக்கு இடம் தாராளமாகும்; ஆனால் அதனை மலைக்கு ஏற்றும் செலவும் உடன் வளரும். இடவசதிக்கும் செலவுக்கும் இடையிலான இந்தப் பழைய வழக்கு இன்று ஆகாயத்திலும் நடந்துகொண்டிருக்கிறது.

ரம்புக்கனைக்கு அண்மையில், மகா ஓயாவின் கரையில், பின்னவலை யானைகள் சரணாலயம் இருக்கிறது. 1975ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அச்சரணாலயத்தைக் காண ஐரோப்பாவிலிருந்து வருவோர், பத்து மணி நேரத்துக்கும் மேலாக விமானத்தில் அமர்ந்திருந்து வருகின்றனர். இத்தகைய நெடும் பிரயாணங்களுக்கு இரண்டு நடைவழிகளைக் கொண்ட பெரிய விமானங்களே உரியவை என்பது பலருடைய எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றும் வகையில், ஒரே நடைவழியுடைய சிறிய விமானங்கள் உலகின் நெடுந்தூரப் பாதைகளில் இப்பொழுது இறங்கியுள்ளன. பிரயாணிகள் அவற்றை எவ்வாறு வரவேற்கின்றனர்?

முதலில் சிறிய விமானம் என்பது யாது என அறிதல் நன்று. ஏர்பஸ் ஏ-330 என்ற பெரிய விமானத்தின் உட்புற அகலம் ஏறத்தாழ 5.28 மீற்றர். அதில் பொதுவாக இரண்டு, நான்கு, இரண்டு என்று ஒரு வரிசையில் எட்டு ஆசனங்கள் அமையும். ஏ-321 என்ற சிறிய விமானத்தின் உட்புற அகலம் ஏறத்தாழ 3.70 மீற்றர். நடைவழியின் இருபுறமும் மும்மூன்றாக ஆறு ஆசனங்கள் அதில் உள்ளன. இவ்வகையின் புதிய வடிவமான ஏ-321 எக்ஸ் எல் ஆர், 8,700 கிலோமீற்றர் வரை நிற்காமற் பறக்கவல்லது எனத் தயாரிப்பாளர் கூறுகின்றனர். 2024ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் நாட்டின் ஐபீரியா நிறுவனம் இதனை மாட்ரிட்டிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து பொஸ்ரன் நகருக்குச் செலுத்தியது.

எனினும், ஒற்றை நடைவழியில் நெடுந்தூரம் செல்வது புதுமையன்று. 1952ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வரத் தொடங்கிய கொமெற் ஜெற் விமானத்தில் 36 பேருக்கே இடமிருந்தது. 1958இல் அட்லாண்டிக் கடல்மீது பறக்கத் தொடங்கிய போயிங் 707 விமானமும் ஒற்றை நடைவழியுடையதே. இரட்டை நடைவழியைப் பிரயாணிகளுக்குப் பழக்கியது, 1970 ஜனவரியில் சேவைக்கு வந்த போயிங் 747. ஆகவே, இன்றைய பிரயாணி இழந்துவிட்டதாகக் கருதும் வசதி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுப் பழக்கமேயன்றி, விமானப் பிரயாணத்தின் இயல்பான விதியன்று.

பழைய வடிவம் மீண்டும் வந்தமைக்குக் காரணம் கணக்கு. முந்நூறு ஆசனங்களுள்ள விமானத்தில் நூற்றைம்பது பேரே ஏறினால், மீதி ஆசனங்களின் செலவை அந்த நூற்றைம்பது பேரோ நிறுவனமோ சுமக்க வேண்டும். உல்லாசப் பிரயாணத்திலோ கூட்டம் பருவத்தைப் பொறுத்தது. நமது தீவின் தெற்கு, மேற்குக் கரைகளுக்கு மார்கழி முதல் பங்குனி வரையிலும், கிழக்குக் கரைக்கு வைகாசி முதல் ஆவணி வரையிலும் நல்ல காலம். இடையிற் கூட்டம் குறையும். அவ்வேளையில் பெரிய விமானம் பாதி வெறுமையாகப் பறப்பதிலும், சிறிய விமானம் நிறைந்து பறப்பது இலாபம். மிகப் பெரிய பிரயாணி விமானமான ஏ-380 பிரயாணிகளின் அன்பைப் பெற்றிருந்தும், அதன் தயாரிப்பு 2021இல் முடிவுற்றதை இங்கே நினைத்தல் தகும்.

பிரயாணிகளின் குறைகளும் காரணமில்லாதவை அல்ல. உணவு வண்டி நடைவழிக்கு வந்துவிட்டால், எழுந்து செல்ல வேறு வழியில்லை. மலசலகூடத்துக்குக் காத்திருப்போரும் அதே வழியில் நிற்பர். சன்னலோரத்தில் இருப்பவர் எழ வேண்டுமானால் இருவரை எழுப்ப வேண்டும். எட்டு ஆசன வரிசையில் ஒருவரை எழுப்பினாற் போதும். இருபுறமும் ஆட்களுக்கு நடுவே அகப்படும் ஆசனம் ஆறில் இரண்டு. எட்டு ஆசன வரிசையிலோ எட்டில் இரண்டு. மூன்று மணிப் பிரயாணத்தில் பொறுத்துக்கொள்ளும் இச்சங்கடங்கள், ஒன்பதாவது மணியில் கோபமாக மாறுகின்றன.

இவற்றோடு அச்சமும் சேர்ந்துகொள்கிறது. சிறிய விமானம் ஆபத்தானது என்பது பலருடைய நம்பிக்கை. கொந்தளிப்பான காற்றில் பாரம் குறைந்த விமானம் சற்றுக் கூடுதலாக ஆடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டம் வேறு, ஆபத்து வேறு. பெரியதோ சிறியதோ, ஜெற் பிரயாணி விமானங்கள் யாவும் கடுமையான பாதுகாப்புப் பரிசோதனைகளைத் தாண்டியே சேவைக்கு வருகின்றன. 1954இல் கொமெற் விமானங்கள் விபத்துக்குள்ளாகி நிறுத்தப்பட்டதற்கும் காரணம் உலோகச் சோர்வே. உருவத்தின் சிறுமை அன்று.

உண்மையில் கவனிக்க வேண்டியது கால்களின் நலன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது அமர்ந்து செல்வோருக்கு, நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காகிறது என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் அறிவித்தது. ஆரோக்கியமானவர்களுக்கு அது ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒருவருக்கு நேரும் சிறிய அபாயமே. விமானத்துக்கு மட்டுமன்றி, புகைவண்டிக்கும் பஸ்ஸுக்கும் இது பொருந்தும். ஆயினும், எழுந்து நடக்க வழியற்ற விமானத்தில் வயோதிபரும் நோயுற்றோரும் கூடிய எச்சரிக்கையுடன் இருத்தல் அவசியம்.

மறுபுறத்தில், சிறிய விமானத்தை விரும்பி ஏறுவோரும் உளர். பெரிய விமானத்தை நிரப்ப முடியாத நகரங்களுக்கு அது நேரே செல்கிறது. 2019 நவம்பரில் பலாலிக்கும் சென்னைக்கும் இடையே தொடங்கிய விமானச் சேவை, எழுபது பேரளவில் ஏறக்கூடிய ஏ ரி ஆர் 72 என்ற சுழல்விசிறி விமானத்தைக் கொண்டே நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பிப் பறப்பதைக் காட்டிலும், அச்சிறிய விமானத்தில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருப்பது எத்தனையோ மேல். இடையில் இறங்கி, மற்றொரு விமானத்துக்காக நள்ளிரவில் குழந்தைகளோடு காத்திருந்தவர்களைக் கேட்டால், ஆசனத்தின் அகலத்தினும் பிரயாணத்தின் நீளமே பெரிதென்பர்.

நமது நாட்டுக்கு இது வெறும் சௌகரியக் கேள்வி அன்று. 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பிரயாணிகள் இலங்கைக்கு வந்தனர். 2021இல் அத்தொகை இரண்டு இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. 2024இல் மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டியது. அந்த வீழ்ச்சியின்போது பின்னவலை வீதியிற் கடை வைத்திருந்தவரும், ரம்புக்கனை நிலைய வாசலில் முச்சக்கரவண்டி ஓட்டியவரும் பட்ட பாடு சிறிதன்று. கொழும்புக்கும் வார்சோவுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 7,300 கிலோமீற்றர். ரோமாபுரி 7,600 கிலோமீற்றர். இவை புதிய சிறிய விமானங்களின் எல்லைக்குள் அடங்குகின்றன. லண்டனோ 8,700 கிலோமீற்றர். எதிர்காற்றைக் கணக்கிட்டால் அது அவ்வெல்லையின் விளிம்பையும் தாண்டிவிடும். 2011ஆம் ஆண்டின் இறுதியில் அட்லாண்டிக்கைக் கடந்த சில போயிங் 757 விமானங்கள், கடும் எதிர்காற்றினால் எரிபொருள் போதாது கனடாவில் இறங்கி ஏற நேர்ந்ததும் உண்டு. ஆதலால் சிறிய விமானம் எல்லாப் பாதைக்கும் மருந்தாகாது. பொருத்தமான பாதையிலோ, கூட்டம் குறைந்த மாதங்களிலும் விருந்தினரைக் கொண்டுவர அது உதவக்கூடும்.

நிறுவனங்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எந்த விமானம், எத்தனை ஆசனம், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் எவ்வளவு இடைவெளி என்பவற்றைச் சீட்டு விற்கும்போதே ஒளிக்காமற் கூறுதல் வேண்டும். பெரிய விமானம் என நம்பிப் பணம் செலுத்தியவர் வாசலிற் சிறிய விமானத்தைக் காணும்போது எழும் கோபம், விமானத்தின்மேல் எழும் கோபமன்று. வாக்குத் தவறியதன்மேல் எழுவது. பிரயாணியும் கட்டணத்தை மட்டும் பாராது, மொத்த நேரத்தையும், இடையில் இறங்கும் இடங்களையும், தம் உடல்நிலையையும் சேர்த்து எண்ணுதல் நலம். நடைவழியோர ஆசனத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுவதும், போதிய தண்ணீர் அருந்துவதும், மணிக்கு ஒரு முறையேனும் கால்களை அசைப்பதும் காசு அதிகம் வேண்டாத காவல்கள். விலை, நேரம், இடம் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது. எதனை விட்டு எதனைக் கொள்வது என்று அறிந்து ஏறுபவருக்குச் சிறிய விமானமும் போதியதாகும்.